முதுகில் படகு: பல நாள் பேக்ராஃப்ட் பயணத்துக்கு மூட்டை கட்டுவோருக்குச் சில குறிப்புகள்

அலாஸ்காவின் பெரும்பகுதிக்குச் சாலை கிடையாது. ஆறு இருக்கும் இடத்துக்குப் படகைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அங்கே பெரிய வேலை. அதற்கு அந்த ஊர்க்காரர்கள் கண்ட வழிதான் பேக்ராஃப்ட். காற்றை இறக்கிச் சுருட்டினால் ஒரு தலையணை அளவுக்கு அடங்கி முதுகுப் பையில் ஏறிவிடும் ஒற்றை ஆள் படகு இது. 1982-இல் ஹோப் என்ற ஊரிலிருந்து ஹோமர் வரை காட்டு வழியே நடந்த முதல் அலாஸ்கா மவுன்டன் வில்டர்னஸ் கிளாசிக் போட்டியில், எல்லோரும் குளிர்ந்த ஆற்றை நீந்திக் கடப்பதா வேண்டாமா என்று கரையில் நின்றபோது, டிக் கிரிஃபித் என்ற ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் தம் பையிலிருந்து ஒரு சிறு படகை எடுத்து ஊதி அக்கரைக்குப் போய்விட்டார். மற்றவர்களும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பிறகு ஷெரி டிங்கி என்ற அலாஸ்காப் பெண்மணி தம் மகனுக்காக உறுதியான துணியில் படகு தைக்கத் தொடங்கினார். அவருடைய அல்பாக்கா நிறுவனத்தின் படகுகள் வந்த பிறகு இது உலகமெங்கும் பரவியது.

கீழே வரும் குறிப்புகளுக்கு நான் மனத்தில் வைத்திருப்பது ஒரு குறிப்பிட்ட பாதை. ஃபேர்பேங்க்ஸிலிருந்து சிறு விமானத்தில் ஆனக்டுவுக் பாஸ் என்ற நூனமியுட் மக்களின் கிராமத்தில் இறங்கி, எர்னி கணவாய் வழியே மூன்று நான்கு நாள் நடந்து, கோயுகுக் ஆற்றின் வடகிளையில் படகை ஊதி, சுமார் 100 மைல் மிதந்து பெட்டில்ஸ் போய்ச் சேர்வது. வழியில் ஆற்றின் இரு புறமும் நிற்கும் ஃப்ரிஜிட் கிராக்ஸ், போரியல் மலை ஆகிய இரண்டையும் பார்த்துத்தான் வனவியலாளர் ராபர்ட் மார்ஷல் 'ஆர்க்டிக்கின் வாயில்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரையே கொண்ட தேசியப் பூங்கா 1980-இல் அமைந்தது. ஏறத்தாழ 84 லட்சம் ஏக்கர் பரப்பில் ஒரு சாலையோ வெட்டிய நடைபாதையோ கிடையாது. மறந்துபோன பொருளை வழியில் வாங்க முடியாது என்பதால் மூட்டை கட்டும்போதே பாதிப் பயணம் முடிந்துவிடுகிறது.

1. சமையலறைத் தராசை எடுத்து ஒவ்வொரு பொருளையும் நிறுத்து எழுதுங்கள். ஸ்பிரே டெக் (தண்ணீர் தெறிக்காமல் மடியை மூடும் துணி) உள்ள படகு 3 முதல் 4 கிலோ இருக்கும். நான்கு துண்டாகக் கழற்றும் துடுப்பு 1 கிலோவை ஒட்டி வரும். லைஃப் ஜாக்கெட் அரை கிலோவுக்கு மேல், தண்ணீர் புகாத முழு உடுப்பான டிரை சூட் ஒரு கிலோவுக்கு மேல். ஆற்றுச் சாமான் மட்டுமே ஆறு கிலோவைத் தொட்டுவிடுகிறது. சாப்பாடு ஆளுக்கு நாளொன்றுக்கு 700 முதல் 800 கிராம். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, துணி என்று இன்னும் ஆறேழு கிலோ. கூட்டிப் பார்த்தால் முதல் நாள் முதுகில் 20 கிலோவுக்குக் குறையாது. அந்தப் பக்கத்து நிலத்தில் பந்து பந்தாகப் புடைத்த புல்திட்டுகளும், இடையிடையே கணுக்கால் அளவு தண்ணீரும் இருக்கும். ஒவ்வொரு திட்டும் மிதித்தால் ஆடும். இரண்டு கிலோ கூடினாலும் முழங்கால் சொல்லிவிடும்.

2. எல்லாச் சாமானையும் தரையில் பரப்பி மூன்று குவியலாகப் பிரியுங்கள். முதல் குவியல், எப்போதும் உடம்பில் இருப்பவை. இரண்டாவது, படகில் உட்கார்ந்தபடியே கை எட்டக்கூடியவை. மூன்றாவது, இரவு கூடாரம் போட்ட பிறகுதான் தேவைப்படுபவை. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் கட்டினால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

இவற்றில் முதல் குவியல்தான் உயிர். படகு கவிழ்ந்து நீங்கள் ஒரு கரையிலும் படகு இன்னொரு வளைவிலும் ஒதுங்கினால், உடம்பில் இருப்பது மட்டுமே உங்களுடையது. கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் அந்த நேரத்தில் இல்லாததற்குச் சமம். பனி உருகி வரும் தண்ணீரில் விழுந்தவருக்குச் சில நிமிடங்களிலேயே விரல்கள் மரத்துப்போகும். அந்த விரல்களால் திறக்க முடியாத டப்பாவில் தீப்பெட்டியை வைத்துப் பயனில்லை. ஆகவே லைஃப் ஜாக்கெட் பையிலும் டிரை சூட் பையிலுமாக இவற்றை வையுங்கள்: தண்ணீர் புகாத சிறு பையில் லைட்டர், அத்துடன் மெழுகு தடவிய பஞ்சு நாலைந்து உருண்டை, ஒரு கையால் திறக்கக்கூடிய கத்தி, விசில், மெல்லிய அவசரப் போர்வை, இரண்டு சாக்லேட் கட்டி, சாட்டிலைட் மெசஞ்சர். கையுறை போட்டபடியே ஒவ்வொன்றையும் எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்க முடியாவிட்டால் வேறு பை, வேறு டப்பா தேடுங்கள்.

3. சாட்டிலைட் மெசஞ்சர் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கைபேசிக்கு அங்கே சிக்னல் கிடையாது. கருவியைப் படகில் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையில், சிறு கயிற்றால் பிணைத்து, வானத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இரவில் அதையும் பவர் பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். காகித வரைபடம் ஒன்றை ஜிப்லாக் பையில் போட்டு வைப்பதும் கட்டாயம்.

4. நடக்கும் நாட்களில் பையை அடுக்கும் முறை வேறு. அடியில் ஸ்லீப்பிங் பேக்கும் இரவு உடுப்பும். அதன் மேல், முதுகை ஒட்டிச் சாப்பாட்டு டப்பா. படகைச் சுருட்டி டப்பாவுக்கு மேலேயோ, பையின் வெளிப்புறம் வார் போட்டோ வைக்கலாம். கனமான எதுவும் முதுகிலிருந்து தள்ளிப் போகக் கூடாது. தள்ளிப் போனால் ஒவ்வோர் அடியிலும் பை உங்களைப் பின்னுக்கு இழுக்கும். டிரை சூட்டை மடிக்காமல் தளரச் சுருட்டி, அதன் ஜிப் வளையாதபடி, எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

5. துடுப்பின் நான்கு துண்டுகளையும் பையின் இரு பக்கப் பாக்கெட்டிலும் இரண்டிரண்டாகச் செருகி, மேலே வாரால் இறுக்குங்கள். தட்டையான பகுதி மேலே இருக்கட்டும். ஆனால் தலைக்கு மேல் நீளக் கூடாது. ஆற்றோரப் புதரில் நுழையும்போது வில்லோச் செடிகள் அதைத்தான் முதலில் பிடித்து இழுக்கும். குழாய் பொருந்தும் இடத்தில் மணல் புகுந்தால் கழற்றவே வராது. மாட்டுவதற்கு முன் தண்ணீரில் அலசிவிடுங்கள்.

6. தண்ணீர் புகாத பையான டிரை பேக் புதிதாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். காற்றை நிரப்பி, வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கொக்கி போட்டு, வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வரும் இடத்தில்தான் ஓட்டை. பழைய பைகளில் மடிப்பு விழும் மூலைகள்தான் முதலில் தேயும். பயணத்தில் மூடும்போது இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். முழங்காலால் அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டுச் சுருட்டுங்கள். மூன்று சுற்றுக்குக் குறைந்தால் மூடியதாகக் கணக்கில்லை.

7. ஒரே பெரிய டிரை பேக்கை விட நடுத்தர அளவில் நாலைந்து பைகள் நல்லது. ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை தப்பிக்கும். நிறம் மாற்றி வாங்குங்கள்: சிவப்பில் முதலுதவி, நீலத்தில் தூங்கும் சாமான், மஞ்சளில் மதியச் சாப்பாடு என்று. மழையில் நடுங்கியபடி தேடும்போது நிறம் கைகொடுக்கும்.

8. ஸ்லீப்பிங் பேக்கையும் இரவு உடுப்பையும் மட்டும் இரட்டைப் பாதுகாப்பில் வையுங்கள். உள்ளே கனமான பிளாஸ்டிக் பை, வெளியே டிரை பேக். இரவு உடுப்பு என்பது கம்பளி நூலில் செய்த மேல் கீழ் உள்ளாடை, தடித்த காலுறை, ஒரு தொப்பி. பகல் முழுக்க நனைந்தாலும் இந்த உடுப்பு ஆற்றைப் பார்க்கவே கூடாது. காலையில் குளிராக இருக்கிறதே என்று அதைப் போட்டுக்கொண்டு படகில் ஏறாதீர்கள். ஈரத் துணியை மறுபடி மாட்டுவது கொடுமைதான், பத்து நிமிடம் துடுப்புப் போட்டால் சரியாகிவிடும்.

9. இப்போது வரும் படகுகள் பலவற்றில் பின்பக்கம் காற்றுப் புகாத நீண்ட ஜிப் இருக்கிறது. அதைத் திறந்து, காற்றடைக்கும் குழாய்க்குள்ளேயே சாமானை வைத்து மூடிவிடலாம். மூன்றாவது குவியல் முழுவதற்கும் இதுதான் இடம். பாரம் தாழ்வாக இருப்பதால் படகு ஆடாது. முன்னால் மூட்டை மறைக்காததால் பாறை கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் அந்த ஜிப் படகின் உயிர்நாடி. அதில் ஒரு மணல் துகள் மாட்டினாலும் காற்று கசியும். பற்கள் பிசகினால் படகே போச்சு. ஆற்றோரத்தில் மணல்மேட்டை விட்டுக் கூழாங்கல் தரையில் வைத்துத் திறவுங்கள். மூடுவதற்கு முன் ஈரத் துணியால் இரு பக்கப் பற்களையும் துடையுங்கள். ஓரிரு நாளுக்கு ஒருமுறை சிலிக்கோன் கிரீஸ் கடுகளவு எடுத்து முனையில் தடவுங்கள். பையின் நாடாவோ கயிறோ சிக்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கடைசி வரை இழுத்து மூடுங்கள். பாதியில் முரண்டு பிடித்தால் பலம் காட்டாதீர்கள். பின்னுக்கு இழுத்து, துடைத்து, மறுபடி ஓட்டுங்கள்.

10. குழாய்க்குள் போனதை அன்று மாலை வரை எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமானால் படகின் காற்றை முழுக்க இறக்க வேண்டும். அதனால் மழைக்கோட்டு, மதியச் சாப்பாடு, முதலுதவிப் பெட்டி, கரடியை விரட்டும் ஸ்பிரே, படகைப் பழுது பார்க்கும் பை ஆகிய ஐந்தும் உள்ளே போகக் கூடாது. குழாய்க்குள் தண்ணீர் வராது என்று நினைத்து ஸ்லீப்பிங் பேக்கை அப்படியே போடுபவர்களும் உண்டு. வாயால் ஊதும் மூச்சின் ஈரம் குளிர்ந்த குழாயில் துளியாகப் படியும். உள்ளேயும் டிரை பேக் வேண்டும்.

11. இடம் வலம் எடை சமமாக இருக்கட்டும். இரண்டு நீள வடிவப் பைகள் வாங்கி, ஒன்றில் கூடாரமும் மெத்தையும், இன்னொன்றில் ஸ்லீப்பிங் பேக்கும் சமையல் பாத்திரமும் என்று பிரித்து நிறுத்துப் பாருங்கள். பைகளை ஜிப்புக்குப் பக்கத்திலேயே விட்டுவிடாமல் இருக்கை இருக்கும் இடம் வரை உள்ளே தள்ளி, அங்கே இருக்கும் கொக்கியில் மாட்டுங்கள். கூடாரக் கம்பி, அடுப்பின் கால், பாத்திர விளிம்பு போன்ற கூர்மையானவற்றைத் துணியில் சுற்றிப் பையின் நடுவில் வையுங்கள்.

12. ஜிப் இல்லாத படகானால் மூட்டை முன்பக்கம் ஏறும். பையைக் குறுக்கே படுக்க வைத்து, படகின் நான்கு வளையங்களிலும் வார் கொடுத்து இறுக்குங்கள். கையால் பிடித்து உலுக்கினால் பை தனியாக அசையக் கூடாது, படகும் சேர்ந்து அசைய வேண்டும். மிஞ்சும் வார் முனைகளை மடித்துச் செருகிவிடுங்கள். தொங்கும் கயிறு எதுவாக இருந்தாலும் கவிழ்ந்தால் கால் சிக்கும் கண்ணியாகிவிடும். முதுகுப் பையின் தோள்வாருக்கும் இதே எச்சரிக்கை.

13. கரையில் கல்போல் கெட்டியாக ஊதிய படகு, ஆற்றில் இறக்கிய ஐந்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். ஓட்டை என்று பயப்படாதீர்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டு உள்ளே காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். முதலில் காற்றுப் பையால் (காற்றைப் பிடித்துப் படகுக்குள் அமுக்கும் துணிப் பை) நிரப்பி, படகைக் கரையோரத் தண்ணீரில் சற்று நேரம் மிதக்கவிட்டு, பிறகு வாயால் ஊதி இறுக்கிக்கொண்டு சாமானைக் கட்டுங்கள். வார்களைக் கரையிலேயே இறுக்கிவிட்டால் ஆற்றில் அவையும் தளரும். மதியம் வெயிலில் கரையேற்றும்போது நேர்மாறாகக் காற்று விரியும். வால்வைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

14. காலியான பேக்ராஃப்ட்டுக்குக் காற்றுதான் முதல் எதிரி. மூன்று கிலோ எடை, ஆறேழு அடி நீளம், முழுக்கக் காற்று. மதியம் சரளைக் கரையில் இறங்கி, கயிற்றை எடுக்கத் திரும்பும் நேரம் போதும். பள்ளத்தாக்கின் மேலிருந்து ஒரு வீச்சு வரும். படகின் மூக்கு ஒரு முழம் எழும்பும். அடுத்த நொடி படகு பக்கவாட்டில் நிமிர்ந்து சக்கரம் போல உருண்டு, கூழாங்கல்லைத் தொட்டும் தொடாமலும் தண்ணீரை நோக்கி ஓடும். துடுப்பும் கூடவே போகும். பின்னால் ஓடிப் பிடிப்பது எல்லா நேரமும் நடக்காது. அதனால் இரண்டு மீட்டர் கயிறும் கொக்கியும் படகிலேயே நிரந்தரமாகச் சுருட்டிக் கட்டியிருக்கட்டும். காலைத் தரையில் வைத்ததும் முதல் வேலை, அதை வில்லோச் செடியின் அடித்தண்டில் கட்டுவது. செடி இல்லையென்றால் படகைக் கவிழ்த்து, பெரிய கல்லில் கயிற்றைச் சுற்றுங்கள். படகின் மேல் கல் வைக்காதீர்கள், துணி தேயும். இரவில் தண்ணீர் ஏறக்கூடும் என்பதால் ஆற்றிலிருந்து நன்றாக மேடான இடத்துக்குத் தூக்கிப் போய்க் கட்டுங்கள்.

15. சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத டப்பாவில் வைத்தே ஆக வேண்டும். மலைகளின் வட சரிவில் சாப்பாட்டைத் தொங்கவிட மரமே இல்லை. பூங்கா அலுவலகங்களில் இந்த டப்பாவை இரவலாகத் தருகிறார்கள். போகும் வழியிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பெரிய அளவு டப்பா சுமார் 11 லிட்டர் கொள்ளளவு கொண்டது, காலியாகவே ஒரு கிலோவுக்கு மேல் எடை. கடைப் பொட்டலத்தை அப்படியே போட்டால் பாதி இடம் காற்றுக்கே போய்விடும். எல்லாவற்றையும் பிரித்து, ஜிப்லாக் பையில் மாற்றி, காற்றை நசுக்கி, கடைசி நாள் சாப்பாடு அடியிலும் முதல் நாளுடையது மேலேயும் வருமாறு அடுக்குங்கள். பற்பசை, சன்ஸ்கிரீன், லிப் பாம், லைஃப் ஜாக்கெட் பையில் இருக்கும் சாக்லேட் என்று மணக்கும் எல்லாமும் இரவில் உள்ளே போக வேண்டும். அவற்றுக்கு ஒரு கையளவு இடம் விட்டு வையுங்கள். இரவில் டப்பாவைக் கூடாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி வையுங்கள். சமையலும் அதே அளவு தள்ளித்தான்.

16. டப்பா படகில் எங்கே உட்காரும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். உருளையும் வழுக்கலுமான அதை வார் பிடிப்பதில்லை. சிறு வலைப்பைக்குள் போட்டு, வலையை வளையத்தில் கட்டினால் நிற்கும். கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வது வேண்டாம். கவிழ்ந்தால் வெளியே வரத் தடையாகும்.

17. நம் வீட்டுச் சமையலில் இந்தப் பயணத்துக்கு ஏற்றவை நிறைய உண்டு, உறைய வைத்து உலர்த்திய கடைச் சாப்பாட்டைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. அவல் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடினாலே வெந்துவிடும். ரவையைக் கடுகு, கறிவேப்பிலை, முந்திரியுடன் வீட்டிலேயே தாளித்து வறுத்து எடுத்துப் போனால் உப்புமாவுக்குக் கேஸும் மிச்சம், நேரமும் மிச்சம். பருப்புப் பொடி, வேர்க்கடலை, பொரிவிளங்காய் உருண்டை எல்லாம் எடைக்கு நல்ல சத்து தருபவை. நெய் 100 கிராமில் ஏறத்தாழ 900 கலோரி இருக்கிறது. திருகு மூடி உள்ள சிறு பாட்டிலில் ஊற்றி, மேலே ஒரு ஜிப்லாக் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெருங்காயமும் வறுத்த மசாலாவும் வெகுதூரம் மணக்கும் என்பதால் டப்பாவை விட்டு வெளியே ஒரு பொட்டலம்கூடத் தங்கக் கூடாது. கை துடைத்த துண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

18. கரடி ஸ்பிரேயையும் அடுப்புக்கான கேஸ் டின்னையும் பெரிய விமானத்தில் எந்தப் பெட்டியிலும் ஏற்ற முடியாது. அவற்றை ஃபேர்பேங்க்ஸில் இறங்கிய பிறகு வாங்குவதுதான் வழி. சிறு விமானத்திலும் சொல்லாமல் பைக்குள் வைக்காதீர்கள். ஸ்பிரே உள்ளே வெடித்தால் விமானி கண்ணைத் திறக்க முடியாது. டிக்கெட் பதியும்போதே கேட்டு, அவர்கள் சொல்கிறபடி தனியாகக் கொடுங்கள். சிறு விமானத்தில் உங்களையும் சேர்த்தே எடை போடுவார்கள் என்பதால் முதல் குறிப்பில் எழுதிய பட்டியல் அங்கேயும் உதவும்.

19. ஸ்பிரே நடக்கும்போது இடுப்பு வாரில், படகில் லைஃப் ஜாக்கெட்டில். பைக்குள் ஒருபோதும் வேண்டாம்.

20. டிரை சூட் தண்ணீரைத்தான் தடுக்கும், குளிரைத் தடுக்காது. உள்ளே கம்பளி அல்லது ஃப்ளீஸ் இருந்தால்தான் வெப்பம் நிற்கும். பருத்தி உடுப்பு ஒன்றுகூட வேண்டாம். கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள ரப்பர் பட்டை எண்ணெய்ப் பசையால் கெட்டுவிடும். கொசு மருந்தும் சன்ஸ்கிரீனும் தடவிய கையால் அதை இழுக்காதீர்கள். டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கையே கரைக்கக்கூடியது. படகு, கண்ணாடி, கைக்கடிகாரம் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். ஜூலையில் அங்கே கொசு மேகமாக வரும். மருந்தை விடத் தலை வலைதான் நிம்மதி தரும், முப்பது கிராம்கூட இருக்காது.

21. காலணி நடக்கவும் படகுக்கும் ஒன்றே போதும். தண்ணீர் உடனே வடியும் வலைத்துணிக் காலணியாக இருக்கட்டும். தண்ணீர் புகாது என்று விற்கும் தோல் பூட்ஸ் ஒருமுறை நிறைந்தால் பயணம் முடியும்வரை காயாது. கால் நாள் முழுக்க ஈரமாகத்தான் இருக்கும். அதனால் இரவில் காலைத் துடைத்துக் காயவைத்து, களிம்பு தடவி, உலர்ந்த காலுறை போடுவதை ஒரு நாளும் விடாதீர்கள்.

22. ஒரே பொருளுக்கு இரண்டு வேலை கொடுங்கள். லைஃப் ஜாக்கெட் இரவில் காலுக்கடியில் மெத்தை. காற்றுப் பையில் உலர்ந்த துணியை அடைத்தால் தலையணை. துடுப்புக் குழாய் தார்ப்பாய்க்குக் கம்பம். கவிழ்த்து வைத்த படகு அடுப்புக்குக் காற்றுத் தடுப்பு, ஆனால் தீப்பொறி எட்டாத தூரத்தில். ஜூன் முழுக்கவும் ஜூலை நடுவரையிலும் அங்கே இருட்டுவதே இல்லை. அந்த நாட்களில் போனால் தலை விளக்கை வீட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மறைக்கும் துணியை எடுத்துப் போங்கள்.

ஆனால் எடை குறைக்கிறேன் என்று லைஃப் ஜாக்கெட்டையே விட்டுவிடுவதும், படகின் இருக்கையை எடுத்துவிட்டுத் தூங்கும் மெத்தையை அதற்குப் பதில் போடுவதும் எனக்கு ஒப்பாது. மெத்தையில் பகலில் விழும் ஓட்டை இரவில்தான் தெரியும்.

23. பழுது பார்க்கும் பை இருநூறு கிராமில் அடங்கும்: டைவெக் டேப் அல்லது டியர் எய்ட் ஒட்டு, வெயிலில் உடனே இறுகும் பசை ஒரு குழாய், இரவெல்லாம் இறுகும் யூரித்தேன் பசை ஒரு குழாய், ஆல்கஹால் துடைப்பான் ஆறு, வளைந்த ஊசி, பல் இடுக்கு நூல், வால்வு மூடி ஒன்று, சிலிக்கோன் கிரீஸ். ஊசித் துளையைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் தடவலாம். அது இல்லாவிட்டால் கன்னத்தைத் துணிக்கு மிக அருகில் கொண்டுபோனால் காற்று படுவது தெரியும். இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, துடைத்து, முழுக்க உலரவிட்டு ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டிய டேப் அடுத்த வளைவிலேயே பிரிந்து வரும். நீளமாகக் கிழிந்தால் முதலில் பல் நூலால் தைத்து, அதன் மேல் டேப். பிரித்த பசைக் குழாய் இடையில் இறுகிவிடும் என்பதால் பிரிக்காத ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

24. மூன்று நான்கு பேர் சேர்ந்து போனால் அடுப்பு, பாத்திரம், கூடாரம், மாற்றுத் துடுப்பு எல்லாவற்றையும் பங்கிடலாம். பங்கிடக் கூடாதவை இரண்டு. தீ மூட்டும் பொருள் ஒவ்வொருவர் உடம்பிலும் வேண்டும். ஆற்றில் விழுந்தவருக்கு எறியும் கயிற்றுப் பை, குறைந்தது முதல் படகிலும் கடைசிப் படகிலும் வேண்டும்.

25. திட்டமிட்ட நாட்களுக்கு மேல் இரண்டு நாள் சாப்பாடு எடுங்கள். மழை பெய்து ஆறு பெருகினால் ஒரு நாள் கரையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். மேகம் தாழ்ந்தால் சிறு விமானம் வராது. சமைக்கத் தேவையில்லாத வகையாக அந்த இரண்டு நாள் சாப்பாடு இருப்பது நல்லது.

26. கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே முழு மூட்டையையும் கட்டி, பக்கத்து ஏரிக்குப் போய், படகை ஊதி, சாமான் ஏற்றி, அரை மணி நேரம் துடுப்புப் போடுங்கள். கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழுங்கள். மறுபடி படகில் ஏற முடிகிறதா, கட்டியது கட்டியபடி இருக்கிறதா, எந்தப் பை நனைந்தது என்று அன்றே தெரிந்துவிடும். கரையேறியதும், நனைந்த கையோடு, லைஃப் ஜாக்கெட் பையிலிருந்து லைட்டரை எடுத்துப் பற்றவைத்துப் பாருங்கள். பற்றாவிட்டால் மாற்ற இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

27. பெட்டில்ஸில் கரையேறிய பிறகு படகை ஈரத்தோடு சுருட்டி அப்படியே ஒரு மாதம் மறந்துவிடாதீர்கள். விமானத்துக்குச் சுருட்டினாலும் வீட்டுக்கு வந்ததும் விரித்து, ஜிப்பை முழுக்கத் திறந்து, குழாய்க்குள் காற்றுப் போகும்படி இரண்டு மூன்று நாள் நிழலில் தொங்கவிடுங்கள். உள்ளே மணல் இருந்தால் நல்ல தண்ணீர் ஊற்றி அலசிக் கொட்டுங்கள். ஜிப்பின் பற்களைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, உலர்ந்த பின் முனையில் கிரீஸ் தடவி மூடுங்கள். படகைத் தளரச் சுருட்டி, வெயிலும் எலியும் எட்டாத இடத்தில் வையுங்கள். இரவல் வாங்கிய கரடி டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூடி திறந்த நிலையில் காயவைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்து வாங்குபவர் அதில்தான் சாப்பாடு வைக்கப் போகிறார்.